எந்த நெல்?

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் வேலை, நெல்லின் சப்1ஏ ஜீனுக்கு ப்ரைமர் (அந்த ஜீன் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சின்ன டிஎன்ஏ துண்டு) டிசைன் பண்ணுவது. வெள்ளத்தில் பயிர் முழுசாக மூழ்கினாலும் இரண்டு வாரம் போல உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும் ஜீன் அது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லிலிருந்து வந்தது, நம் டெல்டாவில் பொன்மணி என்று சொல்கிற சிஆர்1009-க்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று எனக்குப் பெயர், அரை மணி நேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன்.

ஜீனின் சீக்வன்ஸை, அதாவது அதன் டிஎன்ஏ எழுத்து வரிசையை, நெல் டேட்டாபேஸில் ஒட்டி, ஒத்துப்போகிற வரிசையைத் தேடும் பிளாஸ்ட் புரோகிராமை ஓட்டினால் ஒன்பதாவது குரோமோசோமில், எதிர்பார்த்த இடத்திலேயே, அருமையாக ஒரு ஹிட். ஈ-வேல்யூ பூஜ்யம், அதாவது தற்செயலாகப் பொருந்தியிருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. பொருத்தம் நூறு சதவீதம் இல்லை என்பது கண்ணில் பட்டது, ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும்தானே என்று விட்டுவிட்டேன். அந்த ஹிட்டின் சீக்வன்ஸை இறக்கி, அதன் மேல் ப்ரைமர் போட்டு, ஆர்டரும் கொடுத்தாயிற்று.

ஜீன் இருக்கிற ரகத்தில் மட்டும் ஜெல்லில் பேண்ட், அதாவது ஒரு கோடு, தெரிய வேண்டும். ஜெல்லில் எட்டு லேன், அதாவது எட்டு சாம்பிள். எட்டிலும் ஒரே பேண்ட். நாலு நாள் தண்ணீருக்கே அழுகிப்போகிற ரகத்திலும் அதே பேண்ட். படத்தைப் பார்த்துவிட்டு மேடம் கேட்டார்: "நீ தேடினது எந்த நெல்லுல தம்பி?"

"நெல்லுலதான் மேடம்" என்றேன். சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். நெல் ஜீனோம் (முழு டிஎன்ஏ வரிசை) என்று எல்லோரும் வழக்கமாகத் திறக்கும், 2005-ல் வெளியான ரெஃபரன்ஸ், நிப்பான்பரே என்கிற ஒரே ஒரு ஜப்பானிய ரகத்தினுடையது. அதில் சப்1ஏ கிடையவே கிடையாது. கூடப் பிறந்த சப்1பி, சப்1சி இரண்டும் எல்லா நெல்லிலும் உண்டு, நான் பிடித்தது அதில் ஒன்றை. கேட்ட சோப்பு இல்லையென்றால் அண்ணாச்சி வேறொன்றை எடுத்து நீட்டுவார், ஆனால் "அது இல்லப்பா, இது இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவார். பிளாஸ்ட் அதைச் சொல்லாது, இருப்பதில் நெருக்கமானதை எடுத்து மேலே வைக்கும், மீதி நம் பாடு. மணிச்சத்து குறைந்த மண்ணில் வேரை வளர்க்கிற பிஸ்டால்1 ஜீனும் நிப்பான்பரேயில் இல்லாத ஒன்றுதான், கசலத் என்கிற ரகத்தில் கண்டுபிடித்தார்கள். 3,010 நெல் வகைகளின் ஜீனோம் வந்த பிறகும், அவற்றைத் தேடிப் பார்க்கும் ஸ்னிப்-சீக் டேட்டாபேஸில் நாம் வழக்கமாகப் பார்ப்பது நிப்பான்பரேயோடு ஒப்பிட்ட வித்தியாசங்களைத்தான், அதில் இல்லாத இடத்தை எதோடு ஒப்பிடுவது?

  

இப்போது எந்த ஹிட் வந்தாலும் அதை எடுத்துத் திரும்ப ஒருமுறை எதிர்ப்பக்கமாக, எல்லா நெல் சீக்வன்ஸிலும் தேடுகிறேன். எக்ஸெல் ஷீட்டின் முதல் நெடுவரிசை ஜீன் பெயர் இல்லை, ரகத்தின் பெயர். ஜூனியர்களுக்கு எரிச்சல், எழுதுகிறார்கள்.

அந்தத் தப்பு ப்ரைமர் மைனஸ் இருபது ஃப்ரீசரில் இன்னும் இருக்கிறது, லேபிளில் ஏ-வை அடித்துவிட்டு சி என்று எழுதி. எந்த நெல்லில் போட்டாலும் பேண்ட் வருகிறதே, அதனால் டிஎன்ஏ சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். போன மாதம் தீர்ந்து மறுபடி ஆர்டர் போட்டோம்.