ஆணி அடிக்காத செருப்பு

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது கூடத்து மொசைக் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. குங்குமம் சிந்திவிட்டது என்று நினைத்துத் துணியுடன் குனிந்தேன். பொட்டுகள் வரிசையாக அப்பாவின் நாற்காலி வரை போயிருந்தன. அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வலது காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, காய்ப்பு ஏறித் தடித்திருந்த இடத்தில் சிறியதாக ஒரு துளை. அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

வாசலில் கிடந்த அவருடைய நீல வார் ரப்பர் செருப்பை எடுத்துத் திருப்பினேன். அடியில் பித்தளை நிறத்தில் வட்டமாக ஒன்று மின்னியது. பலகையில் காகிதம் குத்துகிற பின். தேய்ந்து மெலிந்துபோன ரப்பரைத் துளைத்துக்கொண்டு அதன் முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை அந்தச் செருப்போடுதான் ரேஷன் கடைக்குப் போனார், அங்கிருந்து மருந்துக் கடைக்கு, பிறகு நண்பர் வீட்டுக்கு.

"வலிக்கவே இல்லையா அப்பா?"

"இல்லையேம்மா" என்றார். அவருக்கே அது வியப்பாக இருந்தது.

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால்கள் அவை. சர்க்கரை நோய் வந்து பதினேழு வருடம் ஆகிறது. மாத்திரை தவறவிடமாட்டார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வார். காலைப் பற்றி மட்டும் அவரும் நினைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

மருத்துவமனையில் ஓர் இளம்பெண் அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். கையில் ஒரு நைலான் இழை. அதன் நுனியைத் தோலில் வைத்து அழுத்தினால், பத்து கிராம் அழுத்தத்தில் இழை வளைந்துவிடும். "படும்போது சொல்லுங்கள் ஐயா" என்றாள். பெருவிரல் நுனியில் வைத்தாள், இழை வளைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து விரலடி மேடு, அடுத்து குதிகால். ஒவ்வோர் இடத்திலும் இழை வில்லாக வளைவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏழெட்டு இடம் முடிந்தபின் அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எப்போதம்மா ஆரம்பிக்கப் போகிறீர்கள்?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் நெஞ்சை அடைக்கிறது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை பல வருடம் கட்டுக்கு மேலே நின்றால் காலுக்குப் போகும் நரம்புகள் கெடுகின்றன. வலி போவது அதில் ஒரு பகுதிதான். பாதத்துச் சிறு தசைகளும் வலுவிழக்கின்றன. அதனால் விரல்கள் கொக்கியாக மடங்கி, நடக்கும்போது பாரமெல்லாம் விரலடி மேட்டில் இறங்குகிறது. வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது. பாரம் விழும் இடத்தில் காய்ப்பு ஏறுகிறது. அந்தக் காய்ப்பே செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல உள்சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். வலி தெரிந்த கால் என்றால் ஒருக்களித்து நடந்தாவது தப்பித்திருக்கும்.

நான் அறியாத இன்னொன்றையும் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் அப்பா கல்யாணம், கோவில் என்று போகும்போது ஒரு கறுப்பு ஷூவைத்தான் போடுவார். முன்பக்கம் குறுகலாக இருக்கும். பெரிய அளவில் வேறு வாங்கலாம் என்றால், "இதுதான் காலில் கெட்டியாக நிற்கிறது, மற்றதெல்லாம் கழன்றுவிடும்" என்பார். உணர்வு மழுங்கிய காலுக்கு இறுக்கிப் பிடித்தால்தான் ஷூ போட்டிருப்பதே தெரியுமாம். அதனால் இவர்கள் தேடித்தேடிச் சிறிய அளவையே வாங்குவார்களாம். கடையில் போட்டு நடந்து பார்த்து, "சுகமாக இருக்கிறது" என்று வாங்கும் நம் வழக்கம் இந்தக் கால்களுக்கு உதவாது. கண்ணும் கையும்தான் செருப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. மருந்தைவிட, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதுதான் அதை ஆற்றியது. பிறகு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "அது தொழுநோய்க்காரர் செருப்பாயிற்றே" என்றார் தணிந்த குரலில்.

வேலூர்க்காரர்களான எங்களுக்கு அந்த மூன்று எழுத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அப்படியல்ல, வலி தெரியாததால் நேரும் காயங்களே கையையும் காலையும் சிதைக்கின்றன என்று அவர் காட்டினார். காயத்தைத் தடுக்க வேண்டுமென்றால் காலுக்கு நல்ல செருப்பு வேண்டும். மைக்ரோசெல்லுலார் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர்., எனப்படும் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் அப்படித்தான் இந்த மண்ணில் செருப்புக்குள் வந்தது. அதைப் போட்டு நடந்தவரை ஊர் ஒதுக்கியது என்பதும் உண்மை. அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அளவு கொடுக்க நாளைக்கே போகலாம்" என்றார்.

செருப்புச் செய்பவர் பழுப்புத் தாளை விரித்து அதன்மேல் அப்பாவை நிற்கவைத்தார். உட்கார்ந்தபடி அளவு கொடுக்கக் கூடாதாம், பாரம் இறங்கினால்தான் பாதம் தன் முழு அகலத்துக்கு விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரைந்தார். கறுப்பு ரப்பர் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து விரலால் நசுக்கச் சொன்னார். பாதியளவுக்கு அமுங்கி, விட்டதும் மெல்ல எழுந்தது. "எழாமல் பள்ளமாகவே நின்றால் செருப்பை மாற்றிவிடுங்கள்" என்றார். உள்ளே இந்த மென்மை, அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். விரலிடுக்கில் வார் கிடையாது. அந்த வாரைப் பிடித்துக்கொள்ள விரல்கள் மடங்கும், இடுக்கும் உராயும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை உண்டு, இல்லாவிட்டால் செருப்பு கழன்று போனதுகூட இவர்களுக்குத் தெரியாது. ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, எல்லாம் பசையும் தையலும்தான்.

வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால் இன்று இரவே அவருடைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். பிறகு அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துத் தானே பார்த்துக்கொள்ளலாம். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவதை, தயவுசெய்து, இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். புதுச் செருப்பு வாங்கினால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள்.

திருவண்ணாமலைதான் பெரிய போராட்டமாக இருந்தது. பௌர்ணமி தவறாமல் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் போனவர் அவர். கொப்புளங்களோடு திரும்பிய நாட்களில், "அண்ணாமலையான் அருள், ஒன்றுமே வலிக்கவில்லை" என்று மகிழ்ந்து சொல்வார். நாங்களும் அதை அருள் என்றே நம்பினோம். இப்போது வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்பதை ஏற்கவைக்க எனக்கு இரண்டு பௌர்ணமிகள் ஆயின. ஆட்டோவில் மலையைச் சுற்றி வருகிறோம். ஒவ்வொரு லிங்கத்துக்கும் நிறுத்தச் சொல்லி உள்ளிருந்தே கைகூப்புகிறார். முதல் முறை அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது செருப்பை மாட்டுவதற்கு முன் கையில் எடுத்து, அடியைப் பார்த்து, உள்ளே விரலால் தடவி, வாசல்படியில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். போன வாரம் பேரனின் பள்ளி ஷூவையும் அப்படியே எடுத்துக் கவிழ்த்தார். உள்ளிருந்து ஒடிந்த பென்சில் முனை விழுந்தது.

"இது குத்தவில்லையாடா?" என்று கேட்டார்.

"குத்தியது தாத்தா, அதனால்தான் நேற்று நொண்டினேன்" என்றான் அவன்.

அப்பா அந்த முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.