சீட்டில் இருந்த எண்

உயர்தர வகுப்பில் எமக்குத் தாவரவியல் கற்பித்த ஆசிரியர், உலர்த்திய செடியின் பெயரைக் கேட்பதற்கு முன்னரே, அதனை எங்கே, எப்போது, யார் பறித்தார் என்று கேட்பார். இவ்விபரங்களைச் சீட்டில் எழுதாமல் கொண்டுபோன, செடி ஒட்டிய தாளை அவர் திருத்தவே மாட்டார். பல ஆண்டுகளின் பின்னர், இலண்டனின் கியூ ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தில், விட்ச் ஹேசல் என்ற புதர்ச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய தாள்களைப் பார்க்க வாய்த்தபோதே அந்தக் கண்டிப்பு எனக்கு முழுமையாக விளங்கியது.

பூச்சி அரிக்காதிருக்க அக்காலத்தில் பாதரச உப்புப் பூசினார்கள்; ஆதலால் அத்தாள்களைக் கையுறை அணிந்தே தொட வேண்டும். நான் முதலில் விரித்த தாளில் நாடா போன்ற நான்கு இதழ்களைக் கொண்ட பூக்கள் காவி நிறமாகச் சுருண்டிருந்தன. அருகிலேயே முந்திய ஆண்டின் காய்கள் வாய் பிளந்து நின்றன. உலரும்போது விதையைப் பல மீற்றர் தூரம் தெறிக்க விடும் காய்கள் இவை. மூலையில் ஒட்டியிருந்த காகித உறைக்குள் இரண்டு கரிய விதைகள் பத்திரமாக இருந்தன. கைவில்லையை வைத்தபோது, இலையின் அடியில் நட்சத்திர வடிவ உரோமங்கள் நேற்றுப் பறித்தவை போல் தெரிந்தன.

இக்குடும்பத்தின் சில தாள்கள் தப்பிப் பிழைத்ததே பெரும்பேறு. 1816இல் ஆங்கிலத் தூதுக்குழுவுடன் சீனா சென்ற மருத்துவர் கிளார்க் ஏபல் சேகரித்தவற்றில் பெரும்பகுதி, மறு ஆண்டு அல்செஸ்ட் கப்பல் பாறையில் மோதியபோது அழிந்தது. அவர் முன்னரே அதே தூதுக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்டோன்ரனிடம் கொடுத்திருந்த சிறு தொகுதி மட்டும் எஞ்சியது. இக்குடும்பத்தைச் சேர்ந்த, இன்று லோரோபெட்டலம் எனப்படும் செடியை 1818இல் தாவரவியலாளர் ரொபேட் பிரவுண் விபரித்தது ஏபலின் பயண நூலிலேயே.

என்னை மிகவும் நெகிழவைத்தது ஹமமெலிஸ் மொல்லிஸ் என்ற விட்ச் ஹேசல் இனத்தின் கதை. சார்ள்ஸ் மேரீஸ் 1879இல் சீனாவிலிருந்து அனுப்பிய அச்செடி, இங்கிலாந்தின் வீச் நிறுவனத்தின் நாற்றுப்பண்ணையில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தும், சுமார் இருபது ஆண்டுகள் எவராலும் சரியாக இனங்காணப்படவில்லை. இதற்கிடையில், 1888இல், ஓகஸ்ரின் ஹென்றி சீனாவின் ஹூபே மாகாணத்தில் பறித்து அனுப்பிய உலர்ந்த கிளைகளைப் பார்த்து, கியூவின் தாவரவியலாளர் டானியல் ஒலிவர் அதற்குப் பெயரிட்டுவிட்டார்.

ஹென்றியின் தாள் ஒன்றை விரித்ததும் என் கண் தானாகவே சீட்டுக்குச் சென்றது. இடம், பறித்தவர் பெயர், எண். எமது ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டுக் கேட்கும் அதே வரிசை.