மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையும் அந்த 15 வருஷமும்

இன்று கொடைக்கானல் மூஞ்சிக்கல் வழியாக நடந்தபோது அந்தப் பழைய இரும்புக் கடை விவகாரம் மறுபடி மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரியின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அங்கே கிடந்தது வெளியே தெரிந்து, ஆலை மூடப்பட்டது 2001ல். பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று சொன்ன 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனம் பணம் தரும் உடன்பாடு கையெழுத்தானது 2016ல். 15 வருஷம்!

சட்டம் இல்லாமல் இல்லை. டெல்லியில் 1985ல் ஒரு ஆலையிலிருந்து ஓலியம் (கந்தக அமில வகை) வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான ரசாயனத்தை வைத்துத் தொழில் செய்கிறவர், கவனமாகத்தான் இருந்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது, பாதிப்புக்கு முழுப்பொறுப்பு அவர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஒரு வருஷம் ஆன சமயத்தில் நடந்த கசிவு அது. அப்புறம் 1989ல் போபால் வழக்கே 47 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

1991ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தில் தவறை நிரூபிக்காமலே கலெக்டரிடம் நிவாரணம் கேட்கலாம். ஆனால் விபத்து நடந்து 5 வருஷத்துக்குள் கேட்க வேண்டும், அதிலும் தொழிலாளர்கள் அந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள். வாயு ஒரே ராத்திரியில் கசியும், தேதி இருக்கும். பாதரச ஆவியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தவருக்கு எந்த நாளை விபத்து நாள் என்று எழுதுவது? தன் நடுக்கத்துக்கும் மறதிக்கும் காரணம் பாதரசம்தான் என்று அவரே நிரூபிக்க வேண்டியிருப்பது அநியாயம். அந்தச் சுமையை ஆலைமேல் வைக்க வேண்டும்.