அந்த மாத வாடகையை யார் கட்டினார்கள்?

கலைஞர்களிடம் போய் "உங்கள் வாழ்க்கையின் திருப்புமுனை எது?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். முதல் விருது, குருவின் ஆசி, சின்ன வயதில் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கியது. சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன கதைகள். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பதினோரு படைப்பாளிகளின் திருப்பங்களைத் தொகுத்து ஒரு புத்தகமும் கண்காட்சியும் செய்யலாம் என்று நண்பர்கள் சேர்ந்து கிளம்பியபோது எங்களுக்கும் முதலில் இதுவே கிடைத்தது. அப்புறம் கேள்வியை மாற்றினோம்: "அந்த மாத வாடகையை யார் கட்டினார்கள்?"

சிலர் சிரித்தார்கள், ஒருவர் முறைத்தார். ஆனால் பதில் வந்தது.

சினிமா பேனர் வரைந்த பெரியவர் அதுவரை நாற்பது அடி கட்-அவுட் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வாடகை என்றதும் ஃப்ளெக்ஸுக்கு வந்தார். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு பரவ, கையால் பேனர் எழுதும் தொழில் சில வருடங்களிலேயே வற்றிவிட்டது. அவருடைய வேலையைப் பறித்த ஃப்ளெக்ஸ் கடைகளில் ஒன்றே, முகங்களைக் கணினியில் திருத்த அவரைக் கூப்பிட்டிருக்கிறது. சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, சாரத்தில் ஏறி நின்று மூக்கும் முழியும் வரைந்த கை அது. "மொத நாள் மவுஸைப் புடிச்சே மணிக்கட்டு வீங்கிடுச்சு சார். பிரஷ் புடிச்சு ஒரு நாளும் வலிச்சதில்ல." அந்தச் சம்பளத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் போயிருக்கிறது. கட்-அவுட் கதையைச் சுருக்கி, இதை விரித்துப் போட்டோம்.

பணத்தைப் பற்றிப் பேசினால் கலையின் மதிப்பு குறைந்துவிடும் என்ற கூச்சம் நம் ஊரில் அதிகம். ஆனால் சென்னையை அடுத்து ஓவியர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் ஓவியர் கிராமமே கைவினைப் பொருளில் எழுந்ததுதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் இளம் ஓவியர்களும் பாத்திக் துணியும் (மெழுகு தடவிச் சாயம் தோய்ப்பது) கைவினைப் பொருள்களும் விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் பிறந்தது. யாராவது தயங்கினால் இந்தக் கதையைச் சொல்வேன். பெரும்பாலும் வாய் திறந்துவிடும்.

பதிவை எழுத்தாக்கியதும் அவரவர் பகுதியை அவரவரிடமே கொடுத்தோம். அடிக்க வேண்டியதை அடிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஒரு நாடக நடிகை, அண்ணனோடு பேச்சு நின்றுபோன பத்தியைக் காட்டி, "புத்தகத்தில் இருக்கட்டும், சுவரில் வேண்டாம்" என்றார். புத்தகத்தை ஆள் தனியாகப் படிப்பார். கண்காட்சிச் சுவரில் என்றால், அண்ணி இவர் பக்கத்திலேயே நின்று படிப்பார். அதன் பிறகு எல்லோரிடமும் புத்தகத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று இரண்டு சம்மதம் தனித்தனியாக வாங்கினோம்.

இனி அச்சகம். இருபுறமும் அச்சடித்து மடிக்கிற ஒரு பெரிய தாளைத்தான் பாரம் என்பார்கள். டெமி என்ற புத்தக அளவில் ஒரு பாரம் 16 பக்கம். ஆளுக்கு 8 பக்கம் என்றால் பதினோரு பேருக்கு 88. தலைப்பு, பொருளடக்கம், முன்னுரைக்கு 8. ஆக 96, சரியாக ஆறு பாரம். கணக்கு அழகாக வந்தது என்று மகிழ்ந்தபோது வண்ணம் குறுக்கே வந்தது. நாலு வண்ணப் பாரத்துக்கு முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு என்று எட்டு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். கறுப்பு மட்டும் என்றால் இரண்டு போதும். 500 பிரதிக்கு எல்லாப் பாரத்தையும் வண்ணத்தில் போட்டால் கை கடிக்கும். இரண்டு பாரம் மட்டும் வழவழப்பான மேட் ஆர்ட் பேப்பரில் வண்ணம், மற்றது சாதாரண மேப்லித்தோ தாளில் கறுப்பு என்று முடிவாயிற்று. வண்ணம் இல்லாமல் முடியாது என்றிருந்த நான்கு பேர் (பேனர் ஓவியர், இயற்கைச் சாயம் தோய்ப்பவர், சிறுவர் புத்தக ஓவியர், மேடை ஒளியமைப்பாளர்) மூன்றாம், ஐந்தாம் பாரங்களுக்குப் போனார்கள். நாங்கள் போட்டிருந்த வயது வரிசை கலைந்தது. மூத்தவரான பேனர்காரருக்கு நான்காம் இடம் என்றதும் சின்ன மனத்தாங்கல். அச்சகத்திலேயே மடிக்காத பாரத்தை விரித்துக் காட்டினேன். பாதிப் பக்கம் தலைகீழாக நிற்கும் அந்தப் பெரிய தாளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர், "இதுவும் கட்டம்தானே" என்று சமாதானமாகிவிட்டார்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடில் தட்டச்சு செய்ததைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இது தெரியாமல், யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துக் குறிமுறைக்கு மாற்றச் சொல்கிற டிடிபி (பக்கம் அமைக்கும்) கடைகள் இன்னும் உண்டு. மாற்றினால் மெய்ப்பை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கண்காட்சிக்குப் புத்தகத்தின் பக்கங்களையே பெரிதாக்கி மாட்டிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். வேலையை மிச்சப்படுத்தும் யோசனைதான், ஆனால் நின்றுகொண்டு எட்டுப் பக்கம் யார் படிப்பார்கள்? ஆளுக்கு அறுபது சொல்லுக்குள் புதிதாக எழுதி, சன்போர்டு என்கிற இலேசான பலகையில், பளபளக்காத மேட் லேமினேஷனோடு ஒட்டினோம். பளபளப்பு லேமினேஷன் மலிவு, ஆனால் ஸ்பாட் லைட் பட்டால் எழுத்து மறைந்துவிடும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி மாட்டினோம்.

எழுத்தைவிடப் பொருள்கள்தான் ஆட்களை நிறுத்தின. முடிச்சூரில் இருக்கும் புகைப்படக்காரருடைய நெகட்டிவ்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அந்தக் கட்டியை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். சாயக்காரர் தன் மஞ்சள் நூல்கண்டுக்கு மட்டும் விளக்கைத் தணித்து வைக்கச் சொன்னார். மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். மூலையில் இருட்டாக இருக்கிறது என்று புகார் சொன்னவர்களிடம் அவரே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுபோல் செய்ய நினைப்பவர்களுக்கு: ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் இல்லை, அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கேட்கிற இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு ஐந்து பிரதி போதும் என்று வைத்திருந்தோம். போதவில்லை. பேனர்காரர் மட்டும் இருபது வாங்கிப் போனார், பாதி அந்த ஃப்ளெக்ஸ் கடைக்கு.