ஒரே உருவம், இரண்டு எண்

இன்று மங்கோலிய ஆவணம் ஒன்றில் ஒரு சொல்லைத் தேடினேன். கண்ணெதிரே இருக்கிறது, கணினியோ இல்லை என்கிறது.

மேலிருந்து கீழாக ஓடும் பாரம்பரிய மங்கோலிய எழுத்தில் ‘ஒ’வும் ‘உ’வும் பார்க்க அச்சு அசலாக ஒன்றுதான்.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம் யூனிகோட். 1999-இல் வந்த அதன் 3.0 பதிப்பு, இவற்றுக்கு ஒலியை வைத்து எண் கொடுத்தது. ஒன்று 1823, மற்றது 1824. தட்டியவர் எதை அழுத்தினார் என்று பார்த்தால் தெரியாது. தேடும்போது நான் மற்றதை அழுத்தினால், கணினிக்கு அது வேறு சொல்.

அப்புறம், சொல்லின் முதல், இடை, கடை என இடத்துக்கு இடம் எழுத்து உருமாறும். அதை எழுத்துரு கவனித்துக்கொள்ளும். விதிக்கு அடங்காத இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

2025 முதல் மங்கோலிய அரசு ஆவணங்களில் சிரிலிக்கோடு (ரஷ்ய மொழிக்கும் பயன்படும் எழுத்து) இந்த எழுத்தும் வருகிறது. ஒருவர் பெயரைத் தேடினால் கிடைக்க வேண்டாமா? தேடலிலாவது இரண்டு எண்ணையும் ஒன்றாகப் பார்க்கும்படி மென்பொருள்களை மாற்றியே ஆக வேண்டும்.