பெட் சிடி: ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டியவை

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் சிடி என்ற ஸ்கேன் எழுதிக்கொடுத்தால், தயாரிப்பு முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஊசியில் ஏறுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புற்றுநோய் செல்கள் அதை அள்ளிக்கொண்டு படத்தில் ஒளிரும். உழைத்துக் களைத்த தசையும் அள்ளிக்கொள்ளும். அதனால் முந்தின நாள் உடற்பயிற்சி, பாரம் தூக்குவது எதுவும் வேண்டாம்.

குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு தேதிதான். நீரிழிவு உள்ளவர்கள் தேதி வாங்கும்போதே மருந்து விவரத்தைச் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை படத்தில் குடலைப் பளிச்சென்று காட்டும். இன்சுலின் போட்ட சூட்டோடு வந்தால் சர்க்கரை முழுக்கத் தசைக்குப் போய்விடும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

ஊசி எந்தக் கையில்? நோயில்லாத பக்கத்துக் கையில். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் நிணநீர் வழியே அந்தப் பக்கத்து அக்குளுக்குப் போய், அங்குள்ள நிணநீர் முடிச்சு ஒளிரும். நோயுள்ள பக்கமாக இருந்தால் பரவல் என்றே படிக்கத் தோன்றும். அவசரத்தில் கேட்க மறந்துவிடுவார்கள், கையை நீட்டும் முன் நீங்களே சொல்லுங்கள். அண்மையில் எந்தக் கையில் தடுப்பூசி போட்டீர்கள், வெள்ளணு கூட்டும் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னது அக்குளையும், பின்னது எலும்பு மஜ்ஜை முழுவதையும் ஒளிரவைக்கும்.

பிறகு சுமார் 60 நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும். பேச்சும் கைபேசியும் கூடாது. குளிர்ந்தால் கூச்சப்படாமல் போர்வை கேளுங்கள். குளிரில் கழுத்தடியிலுள்ள பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை இழுத்து, காறையெலும்புக்கு மேலே முடிச்சு இருப்பதுபோல் குழப்பிவிடும். சிறுநீர் கழித்துவிட்டுத்தான் மேசையில் ஏற வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் வைத்தபடி 20 நிமிடம்போல அசையாமல் இருக்கவேண்டும். அறுவைக்குப் பின் தோள் பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதியில் கையை இறக்கினால் படம் கலைந்துவிடும்.

அறிக்கை சுத்தமாக வந்தாலும் அதற்கு எல்லை உண்டு. பால் சுரப்பி மடல்களில் தொடங்கும் லோபுலர் வகைக் கட்டி சர்க்கரையைக் குறைவாகவே எடுப்பதால் மங்கலாகத் தெரியலாம். ஒரு சில மில்லிமீட்டர் அளவுள்ள நுரையீரல் புள்ளிகள் தப்பலாம். மூளை இயல்பாகவே சர்க்கரையைக் குடிப்பதால் அங்கே சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான். மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்று முழுக்கக் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருங்கள்.