சிக்னலில் ஏறி நெடுஞ்சாலையில் இறங்கும் முள்

“ஓட்டிக்கிட்டுப் போனா ஒண்ணும் இல்லைங்க, சிக்னல்ல நின்னாதான் ஹீட் ஏறுது” என்று ஒருவர் சொன்னால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே எங்கே தேட வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிவிடுகிறது. ஆனால் பட்டறைகளில் இந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, “ஹீட் கம்ப்ளைன்ட்” என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் இருக்கிறது. வண்டி எப்போது சூடாகிறது என்பது அப்படி எழுதும்போதே தொலைந்துபோகிறது. சென்னையின் தெற்குப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில், இந்த ஒரு பழுதுக்காகத் தேவையின்றி மாற்றப்பட்ட ரேடியேட்டர்களையும் வாட்டர் பம்புகளையும் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதன் அடிப்படை எளிமையானது. கார் அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே கிரில் வழியாகப் புகுந்து, ஏசியின் கண்டென்சரையும் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் ஊடுருவிச் செல்வதால், ஃபேனுக்குப் பெரும்பாலும் வேலையே இருப்பதில்லை. நின்றாலோ ஊர்ந்தாலோ அந்தக் காற்று இல்லாமல் போக, ஃபேன் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் குளிர்ச்சி. ஆகவே, வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிந்த அடைப்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறக்கும் வால்வு), உறிஞ்சுதலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவற்றின் பக்கம் சந்தேகம் போக வேண்டும். மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறினால் முதலில் காற்றின் பக்கம் போக வேண்டும். தேய்ந்த இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) உள்ள வாட்டர் பம்பும், வழுக்கும் பெல்ட்டும் ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, சூட்டை ஏற்றக்கூடியவைதாம் என்றாலும், அவை வரிசையில் பின்னால் வருபவை.

குறைந்த வேகம் என்பதிலும் இரண்டு வகை உண்டு. சிக்னலில் நிற்கும் இன்ஜின் உண்டாக்கும் வெப்பம் குறைவு. ஏற்காடு மலையிலோ, கல்லாறிலிருந்து குன்னூருக்கோ ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும் இன்ஜின், காற்றோட்டம் அதே அளவு குறைவாக இருக்கும் நிலையில், பல மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. சிக்னலில் ஒன்றும் ஆகாமல் மலையில் மட்டும் ஏறுகிறது என்றால், ஃபேனோடு ரேடியேட்டரின் கொள்திறனையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். வெறும் சிக்னலிலேயே ஏறுகிறது என்றால் காற்று மிக மோசமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் இங்கே எழுத நினைத்த கார் வந்தது கத்திரி வெயில் நாட்களில். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர், பெட்ரோல் செடான். கத்திப்பாராவிலிருந்து நெரிசலில் பல்லாவரம் கடப்பதற்குள் டேஷ்போர்டின் வெப்ப முள் மேலே போய்விடும் என்றும், செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் வரை நெடுஞ்சாலையில் ஓட்டினால் முள் நடுவிலேயே நிற்கும் என்றும் சொன்னார். வேறு இடங்களில் ஏற்கெனவே நடந்த வேலைகளின் பட்டியல் நீளமாக இருந்தது: ரேடியேட்டர் புதிது, வாட்டர் பம்ப் புதிது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தாயிற்று, கூலன்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர். அடுத்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவர் என்னிடம் வந்திருந்தார். “ஃபேன் செக் பண்ணிட்டாங்க அண்ணா, நல்லா சுத்துது” என்பதையும் தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி ஏசியைப் பற்றியது. நின்றால் ஏசி வெப்பக் காற்று விடுவதாகவும், ஓடத் தொடங்கினால் சில்லென்று ஆகிவிடுவதாகவும், அதற்காகத் தனியே கேஸ் நிரப்பியதாகவும் அவர் சொன்னார். ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டரும் ஒரே ஃபேனை நம்பியிருக்கும் வண்டி அது. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டு, ஒரே நேரத்தில் சரியாகின்றன என்றால், ஹெட்டின் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் மீது பழி போடுவதற்குக் காரணமே இல்லை.

இருந்தாலும் வண்டியை இரவு நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்தோம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். தண்ணீர் மட்டம் சரியாக இருந்தது. ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளம் எதுவும் இல்லை: ஸ்டார்ட் செய்ததும் குமிழி எழவில்லை, ஹோஸ் உடனே இறுகவில்லை, ஆயில் மூடியில் பால் நிறம் இல்லை. டார்ச் அடித்துக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இடுக்கைப் பார்த்தோம். பல வண்டிகளில் அங்கே மண்ணும் செத்த பூச்சியும் கம்பளி போல அடைந்திருக்கும், ஆனால் இதில் ரேடியேட்டரே புதிது என்பதால் சுத்தமாக இருந்தது. ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுடும் உடையாமல் இருந்தது.

பிறகு இன்ஜின் கணினியின் எண்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஐடிலில் விட்டோம். டேஷ்போர்டு முள்ளை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது; பல கார்களில் வெப்பநிலை கணிசமாக மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், சிலவற்றில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். ஸ்கேனரில் கூலன்ட் 96 டிகிரியைத் தொட்டபோது ஈசியு என்ற அந்தக் கணினி ஃபேனுக்கு ஆணை கொடுத்தது தெரிந்தது, ரிலே ‘டக்’ என்றது, ஃபேனும் சுற்றியது. இந்த இடத்தோடு முன்பு பார்த்தவர்கள் நிறுத்திவிட்டிருப்பார்கள். ஆனால் எண் இறங்கவில்லை. 98, 101, 104 என்று மெல்ல ஏறிக்கொண்டே போனது.

ஃபேன் சுற்றுகிறதா என்பது தவறான கேள்வி. எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதுதான் கேள்வி, அதைச் சுற்றும் இறக்கையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு செய்தித்தாளின் பக்கத்தைக் கண்டென்சரின் முன்னால் பிடித்துக் கையை எடுத்தோம். நல்ல ஃபேன் என்றால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதில் தாள் ஒரு கணம் சாய்ந்து, வழுக்கிக் கீழே விழுந்தது. (புதுப்பேட்டையில் வாங்கிய பழைய மோட்டாரை வயர் மாற்றிக் கோத்ததால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் சூட்டையே முன்பக்கம் தள்ளிக்கொண்டிருந்த வண்டியையும் இதே தாள்தான் ஒருமுறை காட்டிக்கொடுத்தது, அங்கே தாள் நம் பக்கமாகப் பறந்தது.) அடுத்து, ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகக் கொடுத்தோம். சத்தமே வேறாக இருந்தது. தாளும் பசை தடவியதுபோல் ஒட்டியது. மோட்டாரில் குற்றமில்லை, மோட்டாருக்கு வந்துசேரும் மின்சாரத்தில்தான் குற்றம் என்பது அதோடு உறுதியானது.

மல்ட்டிமீட்டரை எடுக்கும்போது எங்கள் பட்டறைத் தம்பி, முன்பு பார்த்தவர்களும் மீட்டர் வைத்தார்களாமே என்று கேட்டான். வைத்திருப்பார்கள், கனெக்டரைக் கழற்றிவிட்டு வைத்திருப்பார்கள். மின்னோட்டம் ஓடாத வயரில் எவ்வளவு மோசமான இணைப்பாக இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். டெஸ்ட் லாம்ப் வைத்தாலும் அதன் சின்ன பல்புக்கு வேண்டிய அளவு எப்படியும் கிடைத்துவிடும், பல்பு பளிச்சென்று எரியும். ஃபேன் தன் முழுச் சுமையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டரின் பின்புறமாக ஊசியைச் செருகித்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது பேட்டரியில் 13.6 வோல்ட் இருக்க, ஃபேன் மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 10.4 மட்டுமே இருந்தது. போன 3.2 வோல்ட் எங்கே போனது என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபேன் பாசிட்டிவ் வரை 0.4, ஃபேன் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 2.8. எல்லோரும் ஃபியூஸையும் ரிலேயையும் மாற்றிப் பார்ப்பது பாசிட்டிவ் பக்கத்தில். வில்லங்கம் எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில் இருந்தது.

ஃபேனின் கறுப்பு எர்த் வயர் ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டத்தில், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. வயர் முனையிலுள்ள வளையத்தின் அடியில் இருந்த பிளாஸ்டிக் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. போல்ட்டில் விரலை வைக்க முடியவில்லை. அவ்வளவு சூடு அந்த இடத்தில் வீணாகிக்கொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது வளையத்தின் அடியில் உலோகம் தெரியவில்லை, காரின் நிறத்திலேயே மழமழவென்று பெயின்ட் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தச் சட்டத்தின் நிறம் மட்டும் பக்கத்து அப்ரான் தகட்டைவிட ஒரு சாயல் புதிதாக இருந்தது. ஓட்டுநரைக் கேட்டோம். ஆமாம், முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் முன்னால் போன லாரியில் லேசாக இடித்ததாகவும், டிங்கர் வேலையும் பெயின்ட்டும் செய்ததாகவும் சொன்னார். பெயின்ட் அடித்தவர் எர்த் இடத்தை மறைக்காமல் அடித்துவிட, வளையத்தை அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் மின்சாரம் கசிந்து போய்க்கொண்டிருந்ததால் ஃபேன் நின்றுவிடாமல் சுற்றியது. அடியோடு நின்றிருந்தால் யாராவது முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள்.

மூன்று வோல்ட் குறைந்ததற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். ஃபேனின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அது உண்டாக்கும் உறிஞ்சும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டுதான் காற்று கண்டென்சர், ரேடியேட்டர் இரண்டின் நெருக்கமான தகடுகளையும் கடந்து வர வேண்டும். குளிர்காலமாக இருந்தால் இந்தக் குறை தெரியாமலேயே போயிருக்கும். மே மாத வெயிலில், தார்ச்சாலைச் சூட்டில், முன்னால் நிற்கும் பேருந்தின் புகைக்குப் பின்னால் அது தாங்கவில்லை.

எமரித் தாளால் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, வளையத்தை மாற்றி, முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். எர்த் பக்க இழப்பு 0.1 வோல்ட்டுக்கு வந்தது. அதன் பிறகு, எறியப்பட்ட தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியதைப் பொருத்தினோம். ஓட்டுநருக்கு இதில் மனமில்லை, “அதை எடுத்தாத்தானே கூலா இருக்கும்?” என்றார். நம் ஊரில் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தன் வேலை வெப்பநிலைக்கு வரத் தாமதமாகிறது, அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே மூடும் வகை இன்ஜின்களில், அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு கூடத்தான் செய்யும். கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) போகும்வரை ஓடவிட்டோம். நண்பகல் வெயிலில் நிறுத்திவைத்தபோது ஃபேன் 96-இல் வந்து 91-இல் நின்றது, மீண்டும் வந்தது, மீண்டும் நின்றது. தாளும் ஒட்டியது.

டீசல் வண்டிகளில், குறிப்பாக இன்ஜினோடு எண்ணெய் வழியாக இணைந்து சுற்றும் விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் உள்ள பழைய ஜீப் வகைகளில், இதே அறிகுறிக்கு வழி சற்று வேறு. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்துவிட்டு, கையால் ஃபேனைத் தள்ளிப் பார்த்தால் தடை தெரிய வேண்டும். காற்றாடி போலச் சுழன்றால் உள்ளே இருந்த சிலிக்கோன் எண்ணெய் போயிற்று என்று கொள்ளலாம். எலெக்ட்ரிக் ஃபேனிடம் மட்டும் இந்த விளையாட்டு கூடாது, சாவி அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் அது திடீரென்று ஓடும்.

பில் போடும்போது வழக்கமான சங்கடம் வந்தது. மாற்றிய பொருள் என்று பார்த்தால் ஒரு தெர்மோஸ்டாட், கூலன்ட், ஒரு வளைய டெர்மினல். மீதியெல்லாம் நேரம். ரேடியேட்டருக்குப் பல ஆயிரம் கொடுத்தபோது அவர் முகம் சுளித்திருக்க மாட்டார், ஏனென்றால் கையில் ஒரு பழைய ரேடியேட்டர் திரும்பக் கிடைத்தது. ஒரு போல்ட்டைத் தேய்த்ததற்குக் கூலி கேட்டால், “இதுக்கா?” என்ற பார்வை எழுவதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது; பொருளை மாற்றினால்தான் வருமானம் என்ற ஏற்பாட்டை உண்டாக்கியவர்கள் நாங்கள்தாம். பழுது கண்டறிந்த கூலி என்று தனி வரியாக எழுதி, அளந்த எண்களையும் கீழே குறித்துக் கொடுத்தேன். அவர் எண்களைப் படிக்கவில்லை, ஆனால் பேரம் பேசாமல் கொடுத்தார்.

எங்கள் ஜாப் கார்டில் இப்போது சூடு பற்றிய புகாருக்குக் கீழே மூன்று கட்டங்கள் இருக்கின்றன: நின்றாலா, மலையிலா, வேகத்திலா. அதன் அடியில், முன்பக்கம் டிங்கர் வேலை நடந்ததுண்டா என்ற கேள்வி. வாடிக்கையாளர்கள் பலரும் அதைப் பார்த்துவிட்டு, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். பதில் சொல்வதைத் தம்பியிடமே விட்டுவிட்டேன், அவன் பானெட்டைத் திறந்து அந்த எர்த் போல்ட்டைக் காட்டுகிறான்.